எங்க ஊருக்கு மட்டும் இன்னொரு விடுதலை நாள்!

ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றி, மிட்டாய் தின்று, மறுநாள் காலை நாடே வேலைக்குக் கிளம்பிவிடும். புதுச்சேரி கிளம்பாது. எங்களுக்கு 16-ஆம் தேதியும் அரசு விழா, அரசு விடுமுறை. அத்தோடும் நிறுத்த மாட்டோம். ஐப்பசி மழைக்கு நடுவே நவம்பர் 1-ஆம் தேதி மறுபடியும் கொடியேற்றுவோம். மறுபடியும் அணிவகுப்பு, மறுபடியும் மிட்டாய். அந்த நாளுக்குப் பெயர் புதுச்சேரி விடுதலை நாள். இந்தியாவில் எத்தனையோ திருநாள்கள் இருக்கின்றன. எனக்கு இதற்கு ஈடாக ஒன்று கிடையாது. கேட்டவர்களிடமெல்லாம் இதைச் சொல்கிறேன், கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது திண்டிவனத்தில். வாக்கப்பட்டு வந்தது முத்தியால்பேட்டைக்கு. புதுச்சேரி தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கோட்டக்குப்பம் வந்துவிடும். இது புதுச்சேரி, அது தமிழ்நாடு. இன்றைக்கு நடுவில் ஒரு வளைவும் சில கடைகளும்தான். ஆனால் 1947 ஆகஸ்டு 15 அன்று கோட்டக்குப்பத்துக்காரர்கள் சுதந்திர இந்தியாவின் குடிமக்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த முத்தியால்பேட்டைக்காரர்கள் பிரெஞ்சு ஆட்சிக்குக் கீழே. ஒரே தெருப் பேச்சு, ஒரே சொந்தபந்தம், ஒரே மீன். கொடி மட்டும் வேறு. இந்த வேறுபாடு ஏழு ஆண்டுக்கும் மேலாக நீடித்தது என்பதை என் ஊரில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் யாருமே எனக்குச் சொல்லித் தரவில்லை. கல்யாணமாகி வந்த முதல் நவம்பரில் என் மாமியார்தான் சொன்னார். "உங்க ஊருக்கு நாப்பத்தேழு, எங்க ஊருக்கு அம்பத்தி நாலு, தெரிஞ்சுக்கோ" என்றார் அத்தை, அரிசி புடைத்துக்கொண்டே. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

முதலில் நவம்பர் 1 காலையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வரலாற்றுக்குப் போக மனம் வராது.

முந்தின நாள் இரவே ஊர் மாறிவிடும். சட்டப்பேரவை, தலைமைச் செயலகம் எல்லாம் விளக்கு அலங்காரத்தில் ஜொலிக்கும். கடற்கரைச் சாலையில் நடக்கிறவர்கள் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் நின்று குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்வார்கள். விடிந்ததும் காந்தி திடலில் கூட்டம். ஒரு பக்கம் வங்கக் கடல், அந்த மாதத்துக்கே உரிய சாம்பல் நிறத்தில் பொங்கிக்கொண்டிருக்கும். பாறைகளில் அடித்துத் தெறிக்கும் சாரல் முகத்தில் படும். அதே கடல் பக்கத்தில், செஞ்சியிலிருந்து கொண்டுவந்து நட்ட சிற்பத் தூண்களுக்கு நடுவே காந்தி நிற்கிறார். அவருக்கு எதிரே, சாலையின் மறுபுறம், முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவுச் சின்னம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் விடுதலை நாள் அணிவகுப்பு நடக்கிறது! இப்படி ஓர் இடத்தை வேறு எந்த ஊர் தன் விழாவுக்குக் கொடுத்துவிட முடியும்?

முதலமைச்சர் வந்து கொடியேற்றுவார். தேசிய கீதம். பிறகு அணிவகுப்பு. புதுச்சேரிக் காவலர்களின் சிவப்புத் தொப்பியைப் பார்த்திருப்பீர்கள். உயரமாக, வட்டமாக, முன்பக்கம் சின்ன மறைப்போடு இருக்கும், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கெப்பி. அந்தச் சிவப்பு, வரிசை வரிசையாக, மழை ஈரத்தில் கறுத்துக் கிடக்கும் சாலையில், பேண்டு வாத்தியத்துக்கு ஏற்ப ஒரே சீராகத் திரும்பும்போது எனக்கு ஒவ்வொரு ஆண்டும் உடம்பு சிலிர்க்கிறது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்ட நாளைப் பிரெஞ்சுத் தொப்பி போட்டுக் கொண்டாடுகிறோம், அதில் யாருக்கும் ஒரு கூச்சமும் இல்லை. அதுதான் இந்த ஊரின் பெருந்தன்மை. பின்னாலேயே மாணவர் படை, பள்ளிப் பிள்ளைகள். தூறல் விழுந்தால் பெற்றோர்கள் குடையோடு முன்னே ஓடுவார்கள். பிள்ளைகள் குடைக்குள் வர மாட்டார்கள், நனைந்தபடியே நடப்பார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது நீங்கள் எதிர்பார்க்கும் பாட்டு வராது. தமிழ்நாட்டில் பாடுவது மனோன்மணியம் சுந்தரனார் எழுதியது. எங்களுடையது பாரதிதாசன் எழுதியது. புதுச்சேரியிலேயே பிறந்து, புதுச்சேரியிலேயே வாத்தியார் வேலை பார்த்து, 1955-இல் புதுச்சேரி சட்டமன்றத்துக்கும் தேர்வான கவிஞரின் பாட்டு, அவர் கண்ணால் கண்ட விடுதலையின் நாளில், அவர் நடந்த ஊரில் ஒலிக்கிறது. திண்டிவனத்துக்காரியான எனக்கு இப்போது இரண்டு தமிழ்த்தாய் வாழ்த்தும் மனப்பாடம். இரண்டும் என்னுடையவை.

இனி அந்த 1954-க்கு வருகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் 1670-களில் இங்கே காலூன்றினார்கள். டச்சுக்காரர்கள் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருந்தார்கள், ஆங்கிலேயர்கள் 1761-இல் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், கை மாறி மாறி 1816-இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்தது. அதற்கப்புறம் 138 ஆண்டுகள் இங்கே அவர்கள்தாம். ஆங்கிலேயப் போலீஸ் துரத்தியபோது பாரதியார் 1908-இல் இங்கே வந்ததும், 1910-இல் அரவிந்தர் வந்ததும், வ.வே.சு. ஐயர் வந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அடைக்கலம் கொடுத்த ஊர் என்று எல்லாரும் புகழ்கிறார்கள், புகழட்டும். ஆனால் 1947-க்குப் பிறகு அந்தக் கதை தலைகீழாகத் திரும்பியது பற்றி யார் பேசுகிறார்கள்? பிரெஞ்சு அரசுக்கு எதிராகப் போராடிய புதுச்சேரிக்காரர்கள் எல்லை தாண்டி இந்திய மண்ணில் அடைக்கலம் தேடினார்கள். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ஓடிவந்தவர்களுக்கு நாம் கதவைத் திறந்தோம். பின்னாளில் நம் ஆட்களுக்கு அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. என் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையில் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு உண்டான பெருமையை எழுத்தில் வைக்கத் தெரியவில்லை.

புதுச்சேரிக்கு விடுதலை பேச்சுவார்த்தையால் மட்டும் வந்தது, ஒரு சொட்டு ரத்தமும் சிந்தவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். 1936 ஜூலை 30-ஐ மறந்துவிட்டா அப்படிச் சொல்வது? அப்போது இங்கே சவானா, ரோடியர், கப்ளே என்று மூன்று பெரிய பஞ்சாலைகள். பொழுது விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வேலை. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லியும், சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை கேட்டும் தொழிலாளர்கள் நின்றார்கள். பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். அவர்களைத் திரட்டிய வ. சுப்பையா சும்மா இருக்கவில்லை. பாரிசில் அப்போதுதான் மக்கள் முன்னணி அரசு வந்திருந்தது, செய்தி அங்கேயும் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டே, 1937-இல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்தச் சட்டம் 12 உயிர் கொடுத்து வாங்கியது. அத்தையின் அப்பா ரோடியர் மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். மில்லுக்குப் பிற்பாடு பெயர் மாறியது, இப்போது மூடியே கிடக்கிறது. ஆனால் பழைய ஆட்கள் இன்றும் "ரோடியர் மில்" என்றுதான் சொல்கிறார்கள். ஜூலை 30 அன்று அந்தத் தியாகிகளுக்கு மாலை போடும் வழக்கமும் இன்றுவரை விடவில்லை. நவம்பர் 1-இன் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் தீர்மானமான எண்ணம்.

1948-இல் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: எந்தப் பக்கம் சேர்வது என்று மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கட்டும். வங்காளத்தில் இருந்த சந்திரநாகூர் 1949-இல் வாக்களித்து இந்தியாவோடு போய்விட்டது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் காத்துக்கொண்டே இருந்தன. இந்திய அரசு எல்லையில் சுங்கச் சாவடிகளைப் போட்டது. புதுச்சேரி என்பது ஒரே துண்டு நிலம் இல்லை, தமிழ்நாட்டுக்குள் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடப்பது. பக்கத்துக் கிராமத்துக்குப் போவதென்றாலும் இரண்டு நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டிய கொடுமை. இன்று பைக்கில் வில்லியனூர்ப் பக்கம் போகும்போது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "தமிழ்நாடு", "புதுச்சேரி" என்று பலகை மாறி மாறி வருமே, அதைப் பார்த்து சிரிக்கிறோம். அன்று ஒவ்வொரு பலகையும் ஒரு சோதனைச் சாவடி.

1954 வந்ததும் எல்லாம் வேகம் பிடித்தது. எத்துவார் குபேர், அதுவரை பிரெஞ்சு ஆதரவுக் கட்சியின் பெரிய தலை. கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் இன்று அவர் பெயர்தான். அவரே மார்ச் மாதத்தில் இந்தியாவோடு இணைவோம் என்று திரும்பிவிட்டார். மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது, அங்கேயே ஒரு தற்காலிக அரசும் அமைந்தது. நகரத்தில் பிரெஞ்சு கவர்னர் மாளிகை. நெட்டப்பாக்கத்தில் வயல்களுக்கு நடுவே மக்களின் அரசு! ஜூன் 13 அன்று ஏனாமில் ததலா ரமணய்யாவின் ஆட்கள் நிர்வாகத்தைக் கைப்பற்றினார்கள். ஜூலை 16 அன்று மாஹே. "மய்யழி காந்தி" என்று மக்கள் அழைத்த ஐ.கே. குமாரன் தலைமையில் சனம் திரண்டு வர, பிரெஞ்சு நிர்வாகி கப்பலேறிப் போனார். எம். முகுந்தனின் மய்யழி நாவலைப் படித்தவர்களுக்கு அந்த ஊரின் மனசு புரியும். அதே ஆண்டு மே மாதத்தில் வியத்நாமில் தியென் பியென் பூ கோட்டை விழுந்திருந்தது; அடுத்த மாதமே பிரான்சில் மெந்தேஸ் பிரான்சு பிரதமரானார். தூரத்தில் இருக்கும் காலனிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று உணர்ந்த மனிதர். கதவு திறந்தது.

அந்தக் கதவு திறந்த இடம் கீழூர்.

கீழூரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வில்லியனூர் தாண்டி, மங்கலம் பக்கம் திரும்பி, நெல்லும் கரும்பும் நிற்கும் வயல் வழியாகப் போனால் வரும் சின்னக் கிராமம். தேடிப் போனால்தான் கண்ணில் படும். 1954 அக்டோபர் 18 அன்று, பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் அங்கே கூடினார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: இந்தியாவோடு இணைவதா, வேண்டாமா? 170 பேர் வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். அவ்வளவுதான். இருநூற்று எண்பது ஆண்டுக் கணக்கு ஒரு பகலில், ஒரு கிராமத்தில், வாக்கெண்ணி முடிந்தது.

எனக்கு மிகப் பிடித்த எண் அந்த 170 இல்லை, 8. ஊரே ஒரு பக்கம் ஓடும்போது, அத்தனை பேர் முன்னால் போய், மாட்டேன் என்று வாக்களிக்க எட்டு பேருக்கு இடம் இருந்தது. அந்த எட்டையும் எண்ணி, மறைக்காமல், இன்றுவரை ஒவ்வொரு விழாவிலும் சேர்த்தே சொல்கிறோம். ஆண்டுதோறும் செய்தித்தாளில் பாருங்கள், "170 பேர் ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும்" என்று வராமல் இருக்காது. வெற்றியைக் கொண்டாடும்போது எதிர்வாக்கையும் கூடவே படித்துச் சொல்லும் விடுதலை விழா வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகஸ்டு 16 அன்று கீழூருக்குப் போக வேண்டும். அன்று அங்கேதான் அரசு விழா. நினைவிடத்தில் கொடியேற்றி, நினைவுத்தூணுக்கு மலரஞ்சலி செலுத்தி, உயிரோடிருக்கும் தியாகிகளை அழைத்து உட்காரவைத்துச் சால்வை போர்த்துவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாற்காலிகள் குறைந்துகொண்டே வருகின்றன. மண்டபத்தில் பழைய படங்கள் மாட்டியிருக்கும். வேட்டி கட்டியவர்கள், கோட்டுப் போட்டவர்கள், இரண்டும் சேர்த்துப் போட்டவர்கள். ஒருமுறை அந்தப் படங்களுக்கு முன்னால் நின்ற ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, அன்னிக்கு நீங்க இங்க இருந்தீங்களா?" என்று கேட்டேன். "இருந்தேன்மா, சின்னப் பையன். எங்க ஊருக்கு அத்தன காரு ஒண்ணா வந்து நான் பார்த்ததே இல்ல. நாங்க காரைத்தான் பார்த்தோம். உள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்கு என்ன தெரியும்? சாயந்திரம் அப்பாதான் சொன்னாரு, இனிமே நாம இந்தியான்னு" என்றார். சொல்லிவிட்டு நினைவுத்தூணைச் சுற்றி இருந்த புல்லைக் காலால் ஒதுக்கிச் சரி செய்தார், அவர் வீட்டு வாசலைச் சரி செய்வதைப்போல.

சரி, நவம்பர் 1-க்கும் ஆகஸ்டு 16-க்கும் என்ன தொடர்பு என்று எல்லாரும் கேட்கிறார்கள். வீடு வாங்கியவர்களுக்கு இது உடனே புரியும். சாவி 1954-இல் கைக்கு வந்துவிட்டது. பத்திரப் பதிவு நடந்தது 1962-இல். கீழூர் வாக்கெடுப்புக்கு மூன்று நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று மூவண்ண பிரெஞ்சுக் கொடி இறங்கி, நம் மூவண்ணக் கொடி ஏறியது. கேவல் சிங் முதல் ஆணையராகப் பொறுப்பேற்றார். 1956 மே 28 அன்று முழு உரிமையையும் விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் கொடுக்க வேண்டுமே? அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலனியை விட்டுக்கொடுக்கக் கையெழுத்துப் போட்டால் இன்னொன்றும் கேட்குமே என்ற தயக்கம். அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962 ஜூலையில்தான் இங்கேயும் ஒப்புதல் வந்தது. ஆகஸ்டு 16 அன்று ஆவணங்கள் கைமாறின. இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் ஆட்சி இந்தியாவுடையது, சட்டப்படி உரிமை பிரான்சுடையது!

வெகுகாலம் ஆகஸ்டு 16-ஐத்தான் அரசு பெரிதாகக் கொண்டாடியது. தியாகிகள் விடவில்லை. "மக்கள் மூச்சு விட்ட நாள் நவம்பர் 1. காகிதம் கைமாறிய நாளைக் கொண்டாடிவிட்டு அதை விடலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2014-இலிருந்து நவம்பர் 1 விடுதலை நாளாக அரசு விழாவானது. பழையதையும் கைவிடவில்லை, புதியதையும் எடுத்துக்கொண்டோம். இரண்டில் எது சரி என்று இன்னும் டீக்கடையில் வாதம் நடக்கிறது. என் கட்சி நவம்பர் 1. அத்தையின் கட்சியும் அதுதான். சிலர் இதைக் கர்நாடகம், கேரளம் உருவான நவம்பர் 1-ஓடு குழப்பிக்கொள்கிறார்கள். அது 1956, எங்களுடையது அதற்கு இரண்டு ஆண்டு மூத்தது.

1956 உடன்படிக்கையில் ஒரு விதி இருக்கிறது, அதுதான் என் புகுந்த வீட்டையே இரண்டாக்கி, பிறகு ஒன்றாகவும் வைத்திருக்கிறது. 1962-இல் புதுச்சேரிக்காரர்கள் எல்லாரும் இந்தியக் குடிமக்களானார்கள்; வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். என் மாமனாரின் அண்ணன் அவர்களில் ஒருவர். பெரிய மாமா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அல்ஜீரியா வரை போய்விட்டு வந்தவர். தம்பி இந்தியர், அண்ணன் பிரெஞ்சுக்காரர். ஒரே வீட்டில், ஒரே சாம்பாரில், இரண்டு நாடு.

அதனால் எங்கள் வீட்டில் ஜூலை 14-ம் கொண்டாட்டம்தான்! பாஸ்தில் சிறை தகர்ந்த நாள், பிரான்சின் தேசிய நாள். முந்தின நாள் மாலை விளக்கு ஊர்வலம் புறப்படும். கலர்க் காகித விளக்குகளைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கு முன்னால் பேண்டு, மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமான தெருக்களில். மறுநாள் காலை கடற்கரையில் அந்தப் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் சொல்தாக்கள் வந்து நிற்பார்கள். கோட்டு, அதில் வரிசையாகப் பதக்கங்கள், சிலர் கையில் தடி. பிரெஞ்சுத் துணைத் தூதரும் புதுச்சேரி அரசின் சார்பில் வருகிறவர்களும் மலர்வளையம் வைப்பார்கள். பிரெஞ்சு தேசிய கீதமும் ஜன கண மனவும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். பெரிய மாமா இருந்தவரை ஒரு ஜூலை 14-ஐயும் விட்டதில்லை. அவர்தான் நவம்பர் 1 அன்றும் முதல் ஆளாகக் குளித்துவிட்டுக் கிளம்பி நிற்பார். "நீங்க எதுக்கு மாமா இதுக்கும் வர்றீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "இது எங்க ஊரு விழாம்மா. பாஸ்போர்ட் கலர் வேற, ஊர் வேறயா?" என்றார்.

இன்றைக்கும் பிரான்சின் அதிபர் தேர்தல் வந்தால் புதுச்சேரியில் வாக்குச்சாவடி வைக்கிறார்கள். கோட்டுப் போட்ட தாத்தாக்களும் பட்டுப்புடவைப் பாட்டிகளும் வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கைமாற்றத்தின் கொடையாக வந்ததுதான் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அங்கே சைவ ஆகமச் சுவடிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதை மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். விடைபெற்றுப் போன ஆட்சியோடு இவ்வளவு மரியாதையாக உறவு வைத்திருக்கும் ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரின் வடத்தை அன்று பிரெஞ்சு கவர்னர் தொட்டு இழுத்தார், இன்று துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். வடம் அறுபடவே இல்லை.

நவம்பர் 1 விழா முடிந்த பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். அணிவகுப்பு கலைந்ததும் அப்படியே கடலோரமாகத் தெற்கே நடந்தால் துய்ப்ளெக்ஸ் சிலை வரும். ஒரு பக்கம் காந்தி, மறுகோடியில் துய்ப்ளெக்ஸ், நடுவில் நாம். பிறகு பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்து பூ வாங்குவேன். அன்று பூக்கடையில் நிற்கவே இடம் இருக்காது. ஏனென்றால் நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், மறுநாள் கல்லறைத் திருநாள். கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லறைக்குச் சாமந்தியும் மெழுகுவத்தியும் கூடை கூடையாக வாங்கிக்கொண்டிருக்கும். விடுதலைக்கு மாலை வாங்குகிறவர்களும் முன்னோர்களுக்கு மாலை வாங்குகிறவர்களும் ஒரே கடையில் ஒரே பேரம் பேசிக்கொண்டு நிற்பார்கள். பெரிய மாமாவின் கல்லறைக்கும் அங்கேதான் நாங்கள் பூ வாங்குகிறோம்.

காரைக்காலிலும் மாஹேயிலும் ஏனாமிலும் அதே நாளில் கொடி ஏறுகிறது. ஒன்று காவிரிக் கடைமடையில், ஒன்று மலபார்க் கரையில், ஒன்று கோதாவரி முகத்துவாரத்தில். தமிழும் மலையாளமும் தெலுங்கும் பேசுகிற, ஒன்றை ஒன்று பார்க்கவே முடியாத நான்கு நிலத்துண்டுகள் ஒரே நாளைத் தங்கள் நாளாக வைத்திருக்கின்றன. மூன்றுக்கும் போய் அந்த விழாவைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை; ஆனால் நவம்பர் 1 அன்று கடற்கரையை விட்டுக் கிளம்ப மனம் வந்தால்தானே?

புதுச்சேரி ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை ஆரோவில்லுக்கும் ஊசுட்டேரிக்கும் சுற்றுலா கூட்டிப்போகிறீர்கள், நல்லது. ஒரு தடவை கீழூருக்குக் கூட்டிப்போங்கள். அந்த 178 பேர் கூடிய இடத்தில் பிள்ளைகளை நிறுத்தி ஒரு வாக்கெடுப்பு நடத்துங்கள், எதிர்வாக்கையும் எண்ணுங்கள். வீட்டில் 80 வயது தாண்டிய தாத்தா பாட்டி இருப்பவர்கள் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து, 1954-இல் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அத்தை சொன்னதை நான் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: வாரக் கடைசியில் இங்கே வந்து வெள்ளை நகரத்துச் சுவர்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போகிறீர்களே, அடுத்த முறை தேதியை மாற்றுங்கள். நவம்பர் 1, காலை, கடற்கரைச் சாலை, காந்தி திடல். அனுமதிச் சீட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். மழைக்காலம், குடை எடுத்துக்கொண்டு சீக்கிரமே வந்துவிடுங்கள். வண்டியைக் கடற்கரைக்குள் விட மாட்டார்கள்.